கொல்லையும் வீடுதான்

மெஹர் பானு சிரித்துவிட்டாள்.

உதட்டோரச் சிரிப்பாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இது வாயைப் பொத்துவதற்குள் வெளியே பாய்ந்து, கொல்லைச் சுவரில் முட்டி, சமையலறை வழியாகக் கூடம்வரை போய்விட்ட சிரிப்பு. கூடத்தில் அவளுடைய நாத்தனார் ஹாஜிராவும், துக்கம் விசாரிக்கப் பல்லாவரத்திலிருந்து வந்திருந்த மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜிரா தன் தம்பியின் கடைசி நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் அறுந்தது. வந்தவர்களில் ஒருத்தி டீ கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

புருஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இத்தாவில் இருக்கிற பெண். நாலு மாதமும் பத்து நாளும் பூ, நகை, அத்தர் எதுவும் இல்லாமல், வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டியவள். அவள் பட்டப்பகலில் கொல்லையில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாள்.

சிரிக்க வைத்தது ஓர் ஓணான். முருங்கை மரத்தடியில் கிடந்த பழைய சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, கழுத்து மிளகாய்ப்பழமாய்ச் சிவக்க, முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெட்டை. நாலு தண்டால் எடுக்கும், பெட்டை பார்க்கிறதா என்று நிறுத்திப் பார்க்கும், மறுபடியும் இன்னும் வேகமாக எடுக்கும். பெட்டை ஓர் எறும்பைப் பிடித்துத் தின்றுவிட்டு, வாலைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டியது. பாதித் தண்டாலில் உடம்பைத் தூக்கியவாறே ஓணான் அப்படியே நின்றுபோனது. கழுத்துச் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

வந்தவர்கள் போன பிறகு ஹாஜிரா பின்வாசலுக்கு வந்தார். கொல்லையில் கால் வைக்கவில்லை.

"என்ன பானு இது? அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"ஓணானைப் பார்த்துச் சிரிச்சேன்க்கா. கழுத்தெல்லாம் செவந்துபோய்..."

"கழுத்து செவக்கிறது ஆண்தானே? இத்தாவுல ஆண் நிழலே படக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நீ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று மெஹர் பானு முதலில் நினைத்தாள். ஹாஜிராவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்போ ஓணான் வந்தா நான் முக்காடு போட்டுக்கணுமாக்கா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஹாஜிராவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

*

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவர்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. குழாய், பெயிண்ட், ஆணி, பூட்டு. புருஷன் அப்துல் ரசாக் சரக்கு எடுத்துக் கொடுப்பார். மெஹர் பானு பில் போடுவாள். காலையில் இருவரும் ஒரே வண்டியில் கிளம்பினால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற இடம் என்பதற்கு மேல் கொல்லையைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அவருக்கு அதுவும் தெரியாது.

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், ஒரு பிளம்பருக்கு மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்கப் போனவர், "பானு, ஒரு நிமிஷம்" என்று சொல்லி சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் எதற்காகக் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

மறுநாளே சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஹாஜிரா பையோடு வந்து இறங்கினார். தம்பியைப் புதைத்த கையோடு தம்பி மனைவியின் இத்தாவையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பின்பக்க அறையின் ஜன்னல்களில் போர்வையை ஆணி வைத்து அடித்தார். கொல்லைக்குப் பின்னால் நாலு மாடிக் குடியிருப்பு இருக்கிறதே, யார் கண்ணாவது படுமே என்பது அவர் கவலை. மெஹர் பானு மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அந்த இருட்டில் படுத்துக் கிடந்தாள். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். கண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. நெஞ்சுக்குள் காய்ந்த சிமெண்டை வைத்து அடைத்தது போலிருந்தது.

கத்தரி வெயில் தொடங்கிய நாட்களில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அறை அடுப்பாகிவிட்டது. ஹாஜிரா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மெஹர் பானு எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

கொல்லையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். காக்கையைவிடப் பெரியது, உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கை மட்டும் செங்கல் நிறம், ரத்தச் சிவப்பில் கண். குத்தகைக்கு விட்ட நிலத்தைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளி மாதிரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது போல, முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தது. இவள் யார் இங்கே என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தது.

"ஏங்க, இதைப் பாருங்களேன்" என்று மெஹர் பானு வலப்பக்கம் திரும்பினாள்.

கடையில் அவர் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் நிற்பார்.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள். குலுங்கிக் குலுங்கி, மூக்கைச் சேலையில் துடைத்துத் துடைத்து அழுதாள். சிவப்புக் கண்காரர் கொஞ்சமும் லட்சியம் செய்யாமல் ஒரு நத்தையைக் கொத்தி உடைத்துக்கொண்டிருந்தார். யாரும் குனிந்து முகத்தைப் பார்க்காத அழுகை எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் கொல்லைக்குப் போனாள். பழைய சிமெண்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். தண்ணீர் என்று ஒன்று இருந்தால் போதும், அந்த வெயிலில் ஊரே வந்துவிடும் போலிருந்தது. மைனாக்கள் வந்து குடிக்கிற தண்ணீரிலேயே குளித்தன. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து இறங்கி, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரியே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசின. கீரி ஒன்று சுவர் ஓரமாகவே ஓடி வந்து, குடித்துவிட்டு, நனைந்த மீசையோடு அவளை முறைத்துவிட்டுப் போனது. நீல இறக்கை மீன்கொத்தி ஒன்று துணிக்கொடியில் உட்கார்ந்து, மீனே இல்லாத கொல்லையில் அரணைகளைப் பிடித்துத் தின்று காலத்தை ஓட்டியது.

பெயர்களைச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டுத் தபீதாள். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் டீச்சர். கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பேசுவாள்.

"அந்தச் சிவப்புக் கண்ணா? அது செம்போத்து அக்கா. காலைல அதைப் பார்த்தா நல்லதுன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க. நான் பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு இன்கிரிமென்ட் கட் ஆச்சு."

சுவர் ஓரத்து முல்லைக் கொடியில் இருந்த கூட்டை மட்டும் மெஹர் பானு தானாகவே கண்டுபிடித்தாள். அந்த வருஷம் முல்லை பறிக்க ஆள் இல்லாமல் பூத்துப் பூத்துத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கொடிக்குள் கொண்டைக்குருவி ஜோடி ஒன்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணம் கட்டி, அதில் மூன்று முட்டை இட்டிருந்தது. வெளிர் ரோஜா நிறம், மேலே செம்புள்ளிகள். அவள் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். துவைக்கிற கல்லிலிருந்து பார்ப்பதோடு சரி.

*

சிரிப்பு விஷயம் சிங்கப்பெருமாள் கோவில்வரை போய்த் திரும்பிவிட்டது. ஹாஜிரா சாஜித்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சாஜித் மெஹர் பானுவின் ஒரே மகன். தகப்பன் போன பிறகு கடையைப் பார்த்துக்கொள்கிறவன். மறுநாள் காலையில் மெஹர் பானு எழுந்து வந்தபோது பின்கதவில் புதிதாகக் கொண்டி அடித்து, ஒரு பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாள்தானேம்மா. ஹாஜிரா மாமி மனசு கஷ்டப்படறாங்க" என்றான் சாஜித், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாவி எங்கடா?"

"கடைக்கு வர்றவங்கெல்லாம் கேக்கறாங்கம்மா."

"என்ன கேக்கறாங்க?"

"அம்மாவுக்கு... மனசு சரியா இருக்கான்னு."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜன்னல் போர்வையின் ஓரத்தை விலக்கி அவள் பார்த்தாள். முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் பதினொரு மணிக்கெல்லாம் வற்றிவிட்டது. அணில் ஒன்று தொட்டிக்குள் இறங்கியது, ஏறியது. நம்பாமல் மறுபடியும் இறங்கியது. மைனா தொட்டியின் விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெஹர் பானுவுக்குள் ஏதோ எழும்பி வந்தது. துக்கம் இல்லை அது. இரண்டு மாதமாக அவள் மறந்துபோயிருந்த ஒன்று. கோபம்.

பூட்டுக் கொண்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கடையிலேயே மலிவான கொண்டி. மூடிய பிறகும் திருகுகள் வெளியே தெரிகிற ரகம். "இது வேணாம் பாய், ஸ்க்ரூவைக் கழட்டினா கதவு திறந்துக்கும்" என்று அப்துல் ரசாக் வாடிக்கையாளர்களிடமே சொல்லிவிடுவார். மகன் பார்த்துப் பார்த்து அதைத்தான் எடுத்து வந்திருந்தான்.

ஹாஜிரா மத்தியான லுஹர் தொழுகையில் நின்ற நேரத்தில், ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பூட்டை அவள் தொடவே இல்லை. பூட்டும் கொண்டியும் ஒன்றாக அவள் கையோடு வந்தன. கதவைத் திறந்தாள். இரண்டு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு பூட்டையும் கொண்டியையும் திருகுகளையும் துடைத்து, சாப்பாட்டு மேசையில் சாஜித் உட்காருகிற இடத்தில் வைத்தாள்.

இரவு சாப்பிட வந்தவன் அதைப் பார்த்தான். ஹாஜிராவும் பார்த்தார். மெஹர் பானு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நான் இத்தா இருக்கேன். வாசப்படி தாண்டல. பூ வைக்கல, வளையல் போடல, அத்தர் பூசல, வண்ணச் சேலை கட்டல. அல்லா சொன்னதை ஒண்ணு விடாம செய்யறேன். ஜன்னலை மூடுன்னு அவன் சொல்லல. சிரிக்காதேன்னும் சொல்லல. வீட்டோட இருன்னுதான் சொன்னான். கொல்லையும் வீடுதான்."

"எங்க தம்பி கபர்ல ஈரம்கூடக் காயல" என்றார் ஹாஜிரா. குரல் உடைந்திருந்தது.

"எனக்கு அவர் புருஷன்க்கா. ஈரம் எனக்குத் தெரியாதா?"

சாஜித் பூட்டை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். மறுபடியும் மாட்டவில்லை.

*

ஆனால் ஹாஜிரா விட்டுவிடுகிற ஆள் இல்லை. பூட்டு இல்லாவிட்டால் மறைப்பு. கொல்லைக்குமேல் முழுக்கப் பச்சை வலை கட்டிவிட்டால், மாடி வீடுகளிலிருந்து யாரும் பார்க்க முடியாது. சாஜித்துக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மாவும் கொல்லையில் உட்காரலாம், மாமிக்கும் நிம்மதி. அந்த ஞாயிற்றுக்கிழமை வலைக்காரரைக் கூட்டி வந்துவிட்டான். மெஹர் பானுவிடம் யாரும் கேட்கவில்லை.

அறைக்குள் இருந்த அவளுக்கு வெட்டுக்கத்தியின் சத்தம் கேட்டது. முருங்கைக் கிளை ஒன்று சடசடவென்று விழுந்தது. பிறகு சாஜித்தின் குரல்: "அந்தக் கொடியையும் எடுத்துடுங்க அண்ணா. கம்பி கட்ட இடைஞ்சலா இருக்கு."

வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஹாஜிரா பின்வாசலில் குறுக்கே நின்றார்.

"அந்நிய ஆம்பளை நிக்கிறான் பானு. உள்ள போ."

"வழி விடுங்கக்கா."

"நான் சொல்றேன், உள்ள போ!"

மெஹர் பானு அவருடைய தோளைப் பிடித்து மெதுவாக ஒருபக்கமாக நகர்த்தினாள். தள்ளவில்லை. கடையில் பெயிண்ட் டப்பாவை நகர்த்துகிற நிதானத்தோடு நகர்த்தினாள். கொல்லைக்குள் இறங்கி நேராக முல்லைக் கொடியின் முன்னால் போய் நின்றாள்.

வலைக்காரர் ஏணியில் நின்றபடி கொடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இங்க ஒரு கூடு கீது சார். குஞ்சு வாயத் தொறந்துகினு கீது" என்றார்.

"கத்தியைக் கீழ வைங்க தம்பி" என்றாள் மெஹர் பானு.

"சார்தாம்மா வெட்டச் சொன்னாரு. நான் இன்னா பண்றது?"

"சார் சொன்னாரு. வீடு என்னுது. இறங்குங்க."

தலைக்கு மேலே கொண்டைக்குருவிகள் இரண்டும் கத்திக் கத்திச் சுற்றின. ஒன்று வலைக்காரரின் காதை உரசிக்கொண்டு போனது. பின்னாலிருந்த குடியிருப்பின் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. ஒருத்தி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எந்தக் கண்களுக்குப் பயந்து வலை கட்ட வந்தார்களோ அந்தக் கண்கள் அத்தனையும் இப்போது அவள்மேல் இருந்தன. மெஹர் பானு ஒருமுறை நிமிர்ந்து அவர்களையும் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, எல்லாரும் பார்க்கறாங்க. ப்ளீஸ்மா" என்றான் சாஜித்.

"பார்க்கட்டும். என்ன பார்க்கறாங்க? உங்கப்பா பொண்டாட்டி அவரோட கொல்லையில நிக்கிறா. நீ இந்தக் கொடியில கை வெச்சே, குஞ்சு பறந்து போறவரைக்கும் ராத்திரி பகல் நான் இங்கதான் இருப்பேன். சோறும் இங்கதான். முடிஞ்சா என்னைத் தூக்கி உள்ள போடு."

சாஜித் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு வலைக்காரரைப் பார்த்து, "இறங்கிடுங்க அண்ணா" என்றான்.

வலைக்காரர் இறங்கி, வலைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில், "சின்னக் குஞ்சும்மா. பூனை கீனை வராம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஹாஜிரா அறையில் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெஹர் பானு வாசலில் வந்து நின்றாள்.

"என் புருஷன் போனப்போ எனக்கு இருபத்தாறு வயசு" என்றார் ஹாஜிரா, திரும்பாமல். "கையில பச்சைப் புள்ள. மாமியார் வீட்டுல நெல் மூட்டை போடற ரூம்ல என்னை வெச்சாங்க. ஜன்னல்ல சாக்கு. கண்ணாடியைக்கூட எடுத்துட்டாங்க. நாலு மாசம் வானம் பார்க்கல நான். வெளிய வந்த அன்னைக்குக் கண்ணு கூசிக் கீழ விழுந்தேன். ஒரு வார்த்தை பேசினேனா? நான் இருந்தேன்ல? உன்னால ஏன் முடியாது?"

மெஹர் பானு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

"அன்னைக்கு உங்களுக்காக யாராவது ஒருத்தர் சண்டை போட்டிருக்கணும்கா. யாரும் போடல. அது உங்க தப்பு இல்ல. ஆனா அதே இருட்டைக் கொண்டாந்து என்கிட்ட குடுத்தா நான் எப்படி வாங்கிக்குவேன்?"

ஹாஜிராவின் கை சேலை மடிப்பில் நின்றது. திரும்பிப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தாலும் பார்வை கூர்மையாக இருந்தது.

"நான் பொறுமையா இருந்தேன். அதை நீ ஒண்ணுமே இல்லன்னு சொல்றே."

மெஹர் பானு கட்டிலிலிருந்து எழுந்தாள். அதிலும் உண்மை இருந்தது. ஹாஜிரா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சாஜித் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டான். அன்றைக்கே மெஹர் பானு ஜன்னல் போர்வைகளை ஆணியோடு பிடுங்கி எடுத்தாள். அறைக்குள் வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது.

அதன்பிறகு சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன் வரவில்லை. நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ் நடந்தது. சாஜித்துக்கு மட்டும் சொன்னார்கள். சில சாயங்காலங்களில் அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஒருநாளும் கதவைச் சாத்தவில்லை.

கொண்டைக்குருவிக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் பறந்துவிடும் என்று தபீதாள் சொன்ன மறுநாள் காலை, கொடிக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. மெஹர் பானு ஓடினாள். செம்போத்து கொடியின் நடுவில் உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு குஞ்சு. கூடு சரிந்து காலியாகக் கிடந்தது. அவள் கையைத் தட்டினாள், கத்தினாள், முருங்கைக் குச்சியை எடுத்து வீசினாள். அது சிவப்புக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, கனமாகப் பறந்து, சுவரைத் தாண்டிப் போனது. அவள் முதன்முதலில் பார்த்து, "ஏங்க" என்று திரும்பிய அதே பறவை.

தாய்க்குருவி அன்று முழுக்க வாயில் புழுவோடு கொடியைச் சுற்றியது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

தபீதாள் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, வீணாப் போச்சே அக்கா. நாத்தனாரையே பகைச்சுக்கிட்டீங்களே இதுக்காக."

மெஹர் பானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செம்போத்து தின்னுச்சு. அதுக்குப் பசி. சாஜித் வெட்டியிருந்தா எந்தப் பசிக்கு வெட்டியிருப்பான்?" சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம், குஞ்சுக்காக மட்டுமா நின்னேன் டீச்சர்? எனக்காகவும்தானே நின்னேன்."

எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள்.

*

இத்தா முடிந்த நாளில் ஹாஜிரா வந்தார். புருஷனின் அக்காதான் புதுச்சேலை கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். கோபத்துக்காக வழக்கத்தை விடுகிறவர் இல்லை அவர். வெளிர் பச்சையில் சேலை எடுத்து வந்திருந்தார். துஆ ஓதினார்கள், சாப்பிட்டார்கள், வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஹாஜிரா அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடு அடங்கிய பிறகு மெஹர் பானு புதுச்சேலையோடு கொல்லையில் போய் உட்கார்ந்தாள். ஆகஸ்ட் மாதமாகிவிட்டது. முந்தின ராத்திரி பெய்த மழையில் தரை குளிர்ந்திருந்தது. ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. தவிட்டுக்குருவிகள் அதைத் திட்டித் தீர்த்தன.

ஹாஜிரா பின்வாசலுக்கு வந்து நின்றார்.

"அதான் முடிஞ்சிடுச்சே. வாசப் பக்கமே போகலாம். இன்னும் என்ன அங்க?"

"இத்தாவுக்காகவாக்கா நான் இங்க வந்து உட்கார்ந்தேன்?"

ஹாஜிரா உள்ளே போனார். சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, கதவுக்கு உள்பக்கமாகவே, வெளியே பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தார். எங்கிருந்தோ, பானைக்குள் வாயை வைத்து ஊதுவது போல, ஊக், ஊக், ஊக் என்று சத்தம் வந்தது.

"என்ன அது?"

"செம்போத்து."

"குஞ்சைத் தின்னுச்சுன்னு சாஜித் சொன்னானே. அதுவா?"

சாஜித்திடம் அவர் போனில் கேட்டிருக்கிறார் என்பது மெஹர் பானுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அதேதான்."

"அதுக்குமா தண்ணி வெக்கிறே?"

"அதுக்கும்தான்."

"பைத்தியம்" என்றார் ஹாஜிரா. ஆனால் ராத்திரிவரை அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சாஜித் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். கடையில் பில் போட அவன் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருந்தான். அம்மா இத்தனை வருஷம் உழைத்தது போதும். இனிமேல் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம். வேண்டுமானால் நாள் முழுக்கக் கொல்லையில் உட்காரலாம்.

"உட்காரு, உட்காராதே, எல்லாம் நீங்களே சொல்லுவீங்களாடா?" என்றாள் மெஹர் பானு. "காலைல எனக்கு இங்க வேலை இருக்கு. பத்தரைக்கு வருவேன். அதுவரைக்கும் நீ பில் போடு. அப்புறம் என் சீட்டுல யாரும் உட்காரக் கூடாது."

மறுநாள் அவள் வெளிர் பச்சைச் சேலையில், கேம்ப் ரோட்டு வெயிலில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே தெருவைக் கடந்து கடைக்குள் ஏறினாள். குழாய் வாங்க நின்றிருந்த பிளம்பர் ஒருவர் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"என்னாக்கா, அதுக்குள்ள வந்துட்ட?"

மெஹர் பானு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்ன வேணும், அதைச் சொல்லு."